தேத்தண்ணி வேணுமோ, தேத்தண்ணியோ வேணும்?

"தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டால் அது உபசாரம். "தேத்தண்ணியோ வேணும்?" என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரு படி முன்னே போய்விட்டார். நீங்கள் ஏதோ ஒன்று குடிக்கத்தான் போகிறீர்கள் என்று அவர் தீர்மானித்தாயிற்று. கோப்பியா தேத்தண்ணியா என்பது மட்டும்தான் மிச்சம். தமிழ்நாட்டில் இதையே "டீ வேணுமா?", "டீயா வேணும்?" என்பார்கள். ஓகாரமோ ஆகாரமோ எந்தச் சொல்லின் வாலில் போய் ஒட்டுகிறது என்பதை வைத்துக் கேள்வி மாறிவிடுகிறது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட இதைச் சரியாகச் செய்யும்.

ஒரு வாக்கியத்தில் கேட்பவருக்குப் புதிய செய்தி எங்கே இருக்கிறது என்று காட்டுவதை மொழியியலார் குவியம் என்கிறார்கள். தமிழில் அதைக் காட்ட ஏ இருக்கிறது, தான் இருக்கிறது, குரல் அழுத்தம் இருக்கிறது. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருளில் பிரிநிலையும் தேற்றமும் இந்த வேலைதான். ஆனால் நாம் விரும்பினால் காட்டலாம், விரும்பாவிட்டால் விடலாம். "அலி வந்தான்" என்று ஒன்றையும் காட்டாமல் எழுதிவிட்டுப் போகலாம். இலக்கணம் நம்மைப் பிடித்து நிறுத்தாது.

சோமாலி மொழி பிடித்து நிறுத்தும். அதில் "அலி வந்தான்" என்று வெறுமனே சொல்ல முடியாது. அலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அவன் வந்துவிட்டான் என்கிறீர்களா? அல்லது யாரோ வந்தார்கள், அது அலி என்கிறீர்களா? முடிவெடுத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கட்டாயத்தைப் பற்றித்தான்.

எனக்குச் சோமாலி காதில் விழத் தொடங்கியது டொராண்டோவில். எங்கள் இலங்கைத் தமிழர்கள் கிழக்கே ஸ்கார்பரோவில் குவிந்ததுபோல அவர்கள் மேற்கே, டிக்சன் ரோட்டு அடுக்குமாடிகளில் குவிந்தார்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மாதிரியான காரணத்துக்காக வந்து இறங்கியவர்கள். வேலையிடத்தில் என்னோடு இரவு ஷிப்டில் நிற்பவர் ஒரு சோமாலிப் பெரியவர். நான் அவரை 'அதேர்' என்று கூப்பிடுவேன். தகப்பனுடைய சகோதரன் என்று பொருள். வயதில் மூத்த எந்த ஆணையும் அப்படிக் கூப்பிடலாம். வேடிக்கை என்னவென்றால் அவரும் என்னைத் திருப்பி 'அதேர்' என்றுதான் கூப்பிடுவார். அங்கே முறைப்பெயர் இரண்டு பக்கமும் ஓடும். இந்தப் பதிவில் உள்ள உதாரணங்களில் பாதி அவரோடு தேத்தண்ணி குடிக்கும்போது புழங்குபவை. ஏலக்காய், கறுவா, கிராம்பு எல்லாம் போட்டு, சீனி தாராளமாகக் கொட்டிய தேத்தண்ணி.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோமாலிக்கு 1972 அக்டோபரில்தான் அதிகாரபூர்வ எழுத்து வந்தது, ரோமன் எழுத்து. அதற்கு முன் அரபு எழுத்தில் எழுதினார்கள். ஒஸ்மானியா என்று சொந்தமாக உருவாக்கிய எழுத்து ஒன்றும் இருந்தது. எதை எடுப்பது என்ற சண்டையை முடித்து வைத்தது சியாத் பாரேயின் இராணுவ அரசு. 1974-75இல் பள்ளி மாணவர்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்பி, ஒட்டகம் மேய்ப்பவர்களுக்கு எழுத்தறிவித்தார்கள். நான் இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். 'ப' வரும் இடமெல்லாம் பஸ் என்பதில் வரும் ப என்று வாசியுங்கள். வல்லின ப சோமாலியில் கிடையவே கிடையாது. 'வா' என்று வருவது நம்முடைய 'வா' இல்லை. தொண்டைக்குள் பிறக்கும் ஐன் ஒலியைத் தமிழில் எழுத வழியில்லை, விட்டுவிடுகிறேன்.

இனித் தேத்தண்ணிக்கு வருவோம். தேத்தண்ணி 'ஷாஹ்'. 'ரபா' என்றால் எனக்கு வேண்டும். 'ஆன்' என்பது நான்.

"ஷாஹ் ம ரப்தா?" தேத்தண்ணி வேணுமோ? பதில்: "ஹா, வான் ரபா." ஓம், வேணும்.

"மஹாத் ரப்தா?" என்ன வேணும்? பதில்: "ஷாஹ் பான் ரபா." தேத்தண்ணி.

"யா ஷாஹ் ரப?" ஆருக்குத் தேத்தண்ணி வேணும்? பதில்: "அனிக அயா ரப." எனக்கு.

மூன்று பதிலுக்கும் அடியில் கிடக்கும் சங்கதி ஒன்றுதான்: எனக்குத் தேத்தண்ணி வேண்டும். ஆனால் முதலாவதில் 'வா' வருகிறது (வா+ஆன்=வான்), இரண்டாவதில் 'பா' வருகிறது (பா+ஆன்=பான்), மூன்றாவதில் 'அயா'. இடம் மாற்றிச் சொன்னால் பதில் தவறிவிடும். "என்ன வேணும்?" என்று கேட்டவரிடம் "வான் ரபா" என்றால் அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்; என்ன வேண்டும் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

பாவும் அயாவும் ஒரே வேலையைச் செய்பவை. எது வரும் என்பது பேசுபவரின் ஊரையும் பழக்கத்தையும் நடையையும் பொறுத்தது. இவை ஒரு பெயர்ச்சொல்லையோ பெயர்த்தொடரையோ நேரத்தைக் குறிக்கும் சொல்லையோ தொடர்ந்து நின்று, "செய்தி இதுதான்" என்று கை காட்டும். "ஷலய் பூ யிமித்" என்றால் அவன் வந்தது நேற்று. 'பூ' என்பது பாவோடு 'ஊ', அதாவது அவன், சேர்ந்தது. வினைச்சொல்லின் பின்னால் பா நிற்கவே நிற்காது. வினையே செய்தியானால் அதற்கு வா. மூன்றாவதாக 'வஹா' என்று ஒன்று இருக்கிறது, அது பின்னால். சாதாரண உடன்பாட்டு வாக்கியம் என்றால் இந்த மூன்று வகையில் ஒன்று இருந்தே ஆகவேண்டும்; இரண்டு இருக்கக் கூடாது. ஏவல் வினைக்கு இந்தத் தொல்லை இல்லை. வாக்கியத்துக்குள் வாக்கியமாக அடங்கி நிற்பவற்றுக்கும் இல்லை.

இது வெறும் அலங்காரம், வலியுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் ஒரு கொலை.

"அலி பா திலய்." அலி அவனைக் கொன்றான்.

"அலி பூ திலய்." அவன் அலியைக் கொன்றான்.

ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம், கொன்றவன் செத்தவனாகிவிட்டான். விளக்கம் எளிது. எழுவாயே செய்தியாக நின்றால் அதன் பின்னால் வரும் பாவில் 'அவன்', 'நான்' போன்ற சிறு பெயர்கள் ஒட்டாது. ஒட்டியிருந்தால், பாவுக்கு முன் நிற்பது எழுவாய் இல்லை என்று அர்த்தம். 'பூ'வுக்குள் ஒரு 'அவன்' ஒளிந்திருக்கிறான். அவன்தான் கொன்றவன், அலி செயப்படுபொருள். 'அவனை' என்று வினையோடு சேரும் சிறு பெயர் சோமாலியில் இல்லை, படர்க்கைச் செயப்படுபொருள் வெறுமையாகவே விடப்படும். ஆகையால் யார் யாரை என்ற முழுப்பாரமும் இந்தச் சின்னச் சொல்லின் தலையில் விழுகிறது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுபவர் இந்த இடத்தில் கண்ணயர முடியாது.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. எழுவாய் செய்தியாகும்போது சோமாலியில் மூன்று மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, இப்போது சொன்னது: சிறு பெயர் ஒட்டாது. இரண்டாவது, எழுவாய் தன் எழுவாய் உருவத்தை இழக்கும். 'நின்' என்றால் மனிதன். "அந்த மனிதன் வந்துவிட்டான்" என்பது "நின்கு வூ யிமித்". இதில் 'நின்கு' எழுவாய் வடிவம். "வந்தவன் அந்த மனிதன்" என்று சொல்ல "நின்க அயா யிமித்". 'கு' போய் 'க' வந்துவிட்டது. செயலைச் செய்தவன் அவனேதான், ஆனாலும் எழுவாய்க்குரிய வேட்டியை உருவி எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது மாற்றம் வினையில். "நிமன்கு வய் யிமாத்தேன்": மனிதர்கள் வந்தார்கள், வினை பன்மை. "நிமன்க அயா யிமித்": வந்தவர்கள் அந்த மனிதர்கள், வினை ஒருமைக்குச் சுருங்கிவிட்டது. முன்னிலையிலும் இதே கதை. "வாத் கேன்தய்" என்றால் நீ கொண்டுவந்தாய். "ஆர் கொண்டுவந்தது?" என்று கேட்டு, பதில் "நீ" என்றால் "அதிக அயா கேனய்". 'கேன்தய்' என்பதில் இருந்த 'நீ'யின் அடையாளம் 'கேனய்' என்பதில் இல்லை. இப்படி நிற்கும்போது வினைக்கு மூன்றே வடிவங்கள்தாம்: 'அவள்' என்பதற்கு ஒன்று, 'நாங்கள்' என்பதற்கு ஒன்று, மற்ற எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. நிகழ்காலத்தில் கடைசி உயிரும் குறுகிவிடும். மேலே தேத்தண்ணி உதாரணத்தில் "வான் ரபா" என்றும் "அனிக அயா ரப" என்றும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அது அச்சுப்பிழை இல்லை.

முதலில் பார்த்தால் கிறுக்குத்தனமாகத் தோன்றும். எழுவாய்க்கு முக்கியத்துவம் கொடுக்கும் இடத்தில் எழுவாயின் எல்லா அடையாளங்களையும் ஏன் பிடுங்க வேண்டும்? தமிழனுக்கு இது கிறுக்கில்லை. நாமும் இதைத்தான் செய்கிறோம். "நீ கொண்டுவந்தாய்" என்பதை மாற்றி "கொண்டுவந்தது நீ" என்று சொல்லிப் பாருங்கள். 'கொண்டுவந்தாய்' என்பதில் இருந்த 'நீ' காணாமல் போய், வினை 'கொண்டுவந்தது' என்று அஃறிணை ஒருமையாகிவிட்டது. "கொண்டுவந்தது நாங்கள்", "கொண்டுவந்தது அவர்கள்", எல்லாருக்கும் ஒரே 'அது'. ஏனென்றால் 'கொண்டுவந்தது' இப்போது வினைமுற்று இல்லை, பெயர். உண்மையில் இது "எது? நீ" என்னும் இரண்டு துண்டு வாக்கியம்.

சோமாலிக்காரர் செய்வது இதன் பாதி. சொல்வரிசையை மாற்றாமல், "நீ" என்று முன்னால் வைத்து, பாவை ஒட்டி, வினையை மட்டும் 'கொண்டுவந்தது' மாதிரிச் சுருக்குகிறார்கள். இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமானால் மலையாளப் படம் பாருங்கள். "ஞான் வன்னு" என்பது நான் வந்தேன். "ஆராணு வன்னது?" யார் வந்தது? "ஞானாணு வன்னது." இதில் 'ஆணு' செய்வது அப்படியே பா செய்யும் வேலை: செய்தியாகிய சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது, வினையை 'வன்னு' என்பதிலிருந்து 'வன்னது' ஆக்குகிறது. ஆணு எந்தச் சொல்லுக்குப் பின்னால் நகர்கிறதோ செய்தியும் அங்கே நகரும். மலையாளத்தில் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்குச் சோமாலிக் குவியத்தில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பது என் கட்சி.

(உறவு கொண்டாட வேண்டாம். சோமாலி குஷிட்டிய மொழி, அரபும் ஹீப்ருவும் பண்டை எகிப்தியமும் அடங்கிய ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பம். சோமாலியில் சாப்பிடு என்பதற்கு 'உன்' என்று ஒரு வினை இருக்கிறது, முன்னால் ஐன் ஒலியோடு. நம் 'உண்' உடன் சேர்த்து யாராவது குமரிக்கண்டம்வரை போய்விடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தற்செயல்.)

அந்தச் சுருங்கிய வினை சோமாலியில் வேறு எங்கே வருகிறது என்று பார்த்தால் வேர் தெரியவரும். "நின்க ஷாஹ் ரப" என்றால் தேத்தண்ணி வேண்டுகிற மனிதன். நம் பெயரெச்சத் தொடர் மாதிரி. அதிலும் 'ரப'தான், 'ரபா' இல்லை. எனவே "நின்க அயா ஷாஹ் ரப" என்பது ஒரு காலத்தில் "தேத்தண்ணி வேண்டுகிறவன் அந்த மனிதன்" என்னும் இரண்டு துண்டு வாக்கியமாக இருந்து, காலப்போக்கில் இறுகி ஒரே வாக்கியமாகியிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்கத்து மொழியான ஒரோமோவிலும் இதே போக்கு இருக்கிறது. எழுவாய் செய்தியானால் அதோடு 'து' ஒட்டும், வினை படர்க்கை ஆண்பால் ஒருமைக்குச் சுருங்கும். இன்றைய சோமாலியில் அது இன்னமும் இரண்டு துண்டா, அல்லது ஒரே துண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே துண்டுதான் என்று வாதிட்டவர்களில் முக்கியமானவர் ஜான் சயீத். சோமாலிக் குவியத்தைப் பற்றி 1984இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர். அவருக்கு முன், போலந்தில் பிறந்து லண்டனில் வாழ்நாளெல்லாம் சோமாலி படித்த ஆன்ட்ரெஜெவ்ஸ்கி இந்தச் சொற்களைச் 'சுட்டிக்காட்டிகள்' என்று பொதுப்பெயரிட்டு ஆராய்ந்தார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. குவியம் என்ற சொல்லில் கண்ணாடிவில்லை வாடை அடிக்கிறது.

கேள்விகளைப் பார்ப்போம். யார், என்ன, எப்போது என்று கேட்கும் கேள்வியில் செய்தி எங்கே என்பதில் குழப்பமே இருக்க முடியாது, வினாச்சொல்லில்தான். அதனால் சோமாலியில் வினாச்சொல் பாவைத் தன்னோடு சேர்த்தே வைத்திருக்கிறது. 'யா' என்பது யார்+பா. 'மஹாத்' என்பது என்ன+பா+நீ. "கோர்மூ யிமித்?" எப்போது வந்தான்? அதற்குள் எப்போது, பா, அவன் மூன்றும் கரைந்து கிடக்கின்றன. சேர்ந்து சேர்ந்து தேய்ந்ததில் பா அடையாளமே தெரியாமல் போய்விட்டது. ஆனால் வினையைப் பார்த்தால் அது உள்ளே இருப்பது தெரியும்: "யா ஷாஹ் ரப?" என்பதில் வினை சுருங்கித்தானே நிற்கிறது.

இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு இதுவும் புதிதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சிங்களத்தில் "கொஹெத யன்னே?" என்று கேட்பார், எங்கே போகிறீர்கள் என்று. 'யனவா' என்பது போகிறேன், போகிறார். ஆனால் எங்கே என்று கேட்கும்போது 'யனவா' என்று யாரும் கேட்கமாட்டார்கள், 'யன்னே'தான். "மம யன்னே கடேட்ட", நான் போவது கடைக்கு. வினாச்சொல் வந்தவுடன் வினை வடிவம் மாறுகிற அதே கதை. சிங்களம் இதைத் தமிழோடு பழகியதில் எடுத்துக்கொண்டது என்று மொழியியலாளர் ஜேம்ஸ் கேர் எழுதியிருக்கிறார். எனக்கு அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது. நாங்களும் "ஆர் சொன்னது?", "எப்ப வந்தது?" என்றுதானே பேச்சில் கேட்கிறோம், "ஆர் சொன்னார்?" என்று கேட்பதில் பள்ளிக்கூட வாசனை.

ஆம்-இல்லைக் கேள்வியிலும் பாவை நகர்த்தலாம். "ம ஷாஹ் பாத் ரப்தா மிஸே கஹ்வோ?" தேத்தண்ணியோ வேணும், கோப்பியோ? பதிவின் தலைப்பில் உள்ள வித்தியாசம் சோமாலியில் இப்படித்தான் வரும்.

வஹா பாக்கி இருக்கிறது. 'வஹ்' என்றால் பொருள், சாமான். அதிலிருந்து வந்தது இது. "வஹான் ரபா ஷாஹ்": நான் விரும்புவது தேத்தண்ணி. செய்தி வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது. ஒரு சொல் செய்திக்கு இது பெரிய உபகாரமில்லை, பாவே போதும். செய்தி நீளமாக இருக்கும்போதுதான் வஹாவின் அருமை தெரியும். அமைச்சர் சொன்னார் என்பதற்குப் பின்னால் அவர் சொன்னது பத்து வரி வரப்போகிறது என்றால் அதை முன்னால் வைத்து வாலில் பா ஒட்ட முடியுமா? ஆகவே "வுஹூ யிரி...", அவர் சொன்னது. "வஹாய் ஷேக்தய்...", அவள் தெரிவித்தது. மேடையில் நம் ஆட்கள் "நான் சொல்ல வருவது என்னவென்றால்" என்று தொடங்கி மூச்சு விடாமல் ஓடுவார்களே, இலக்கணத்தில் அதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. வித்தியாசம், அவர்களுக்கு அது இழுவையில்லை, இயல்பான நடை.

பிபிசியின் சோமாலிச் சேவை 1957இலிருந்து நடக்கிறது. ஒரு சொல்கூடப் புரியாமல் கேட்டாலும் பத்து நிமிடத்தில் இந்த 'வஹா', 'வுஹூ', 'வஹாய்' உங்கள் காதில் தனியாகத் தட்டுப்படத் தொடங்கும். எழுத்தில் வரும் செய்தித் தலைப்புகள் மட்டும் வேறு தந்திரம் செய்கின்றன. "மதஹ்வெய்னஹ ஓ நைரோபி தெகய்" என்று எழுதுவார்கள், ஜனாதிபதி நைரோபி சென்றார் என்ற பொருளில். இதில் 'ஓ' என்பது வாக்கியங்களைக் கோக்கும் இணைப்புச் சொல். அதாவது தலைப்பு முழு வாக்கியமாக இல்லாமல், ஏதோ ஒன்றின் தொங்கும் துண்டாக நிற்கிறது. துண்டுக்குச் சுட்டிக்காட்டி தேவையில்லை. எது செய்தி என்று பத்திரிகைக்காரர் தலைப்பிலேயே தீர்மானிக்க வேண்டியதில்லாமல் போகிறது. நல்ல தப்பித்தல்.

கதையில் வஹாவும் வாவும் பாவும் மாறி மாறி வருவதைப் பார்ப்பது தனி இன்பம். "வஹா ஜிரய் நின்", ஒரு மனிதன் இருந்தான். புதியவன், அதனால் கடைசியில் வருகிறான். அடுத்த வரியில் "நின்கு வுஹூ லஹா ஸத்தெஹ் வீல்", அந்த மனிதனுக்கு மூன்று ஆண்பிள்ளைகள். இப்போது மனிதன் பழசு, எழுவாய் உருவத்தோடு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகள் புதுசு, கடைசிக்குப் போய்விட்டார்கள். எது தெரிந்தது, எது தெரியாதது என்று கணக்கு வைத்துக்கொண்டே கதை நகர்கிறது.

வாவைப் பற்றித்தான் அறிஞர்களிடம் ஒற்றுமை குறைவு. பா பெயரைச் சுட்டுவதுபோல வா வினையைச் சுட்டுகிறது என்பது ஒரு கட்சி. வா எதையும் சுட்டவில்லை, "இது கூற்று வாக்கியம்" என்று முத்திரை குத்துகிறது, அவ்வளவுதான் என்பது சயீத்தின் கட்சி. இரண்டாவது கட்சியே எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம், வினையே இல்லாத இடத்திலும் வா வருகிறது. "அலி வா மஅல்லின்", அலி ஆசிரியர். "அகோன் லஆன் வா இஃப்தீன் லஆன்", அறிவின்மை ஒளியின்மை, என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. இதில் எந்த வினையைச் சுட்ட? ஆனால் "அலி பா மஅல்லின் அஹ்" என்றால் பொருள் மாறுகிறது: இங்கே ஆசிரியர் அலி, மற்றவர்கள் இல்லை. கூடவே இல்லாத வினை ஒன்றும் ('அஹ்') வந்து சேர்கிறது.

இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்க வேண்டுமானால் இரண்டு சோமாலிகள் சந்திக்கும் இடத்தில் நில்லுங்கள். "ம நபத் பா?" அமைதிதானா? "வா நபத்." அமைதி. நலமா என்று கேட்பதற்குச் சமாதானமா என்று கேட்கிறார்கள். கேள்வியில் பா, பதிலில் வா. பதிலில் பா வராது. கேட்டவரே அமைதி என்ற சொல்லை முன்வைத்துவிட்டார், அதை ஒப்புக்கொண்டால் போதும்.

மறுப்பில் வா நிற்காது. "மய, ம ரபோ", இல்லை, வேண்டாம். வா எங்கே என்று கேட்கக் கூடாது, மறுக்கும் 'ம' வந்தவுடன் அது எழுந்து போய்விடும். பா மட்டும் மறுப்போடும் இருக்கும், ஆனால் அப்போது மறுப்புச் சொல் 'ஆன்' என்று மாறிவிடும். "அலி பான் கேனின்", கொண்டுவராதது அலி. இந்த 'பான்' பார்வைக்கு "ஷாஹ் பான் ரபா" என்பதில் இருந்த 'நான்' சேர்ந்த பான் மாதிரியே இருக்கும். வினையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இந்த இடத்தில் பாடப்புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பது நல்லது.

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் செய்வது பாவைத் 'தான்' என்று எழுதுவது. "ஷாஹ் பான் ரபா" என்பதைத் "எனக்குத் தேத்தண்ணிதான் வேணும்" என்று எழுதினால் அதில் ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது, யாரோ கோப்பியை நீட்டியதுபோல. சோமாலியில் அந்தச் சண்டை இல்லை. கேட்டார்கள், சொன்னார்கள். நம் 'தான்' மற்றதை விலக்கும். பா விலக்கலாம், விலக்காமலும் இருக்கலாம், சூழல் சொல்லும். "வான் கு ஜெஅலஹய்" என்றால் நான் உன்னை நேசிக்கிறேன். "அதிக அயான் கு ஜெஅலஹய்" என்றால் நான் நேசிப்பது உன்னை. இரண்டாவதில் இன்னொருத்தியின் நிழல் விழலாம், விழாமலும் போகலாம். யாரை நேசிக்கிறாய் என்று அவளே கேட்டிருந்தால் அதுதான் ஒழுங்கான பதில். எனவே பாவைத் தமிழில் பெரும்பாலும் எழுதாமல் விடுவதே சரி. தமிழில் வினைக்குச் சற்று முன்னே அந்தச் சொல்லை வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கட்டாயம் வேண்டிய இடத்தில் 'வந்தது அவன்' என்று திருப்பிப் போடலாம். 'தான்' கடைசி ஆயுதம்.

அதேரிடம் ஒருமுறை, பா போடாமல் வா போடாமல் ஒரு வாக்கியம் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு "காலய்!" என்றார். நம்முடைய 'வா' என்னும் ஏவல். பிறகு, "அதேர், ஒன்றும் சொல்லவில்லை என்றால் எதற்கு வாயைத் திறக்கவேண்டும்?" என்று கேட்டார்.

சோமாலி படிக்க விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரும்பாலான பாடங்கள் எண், கிழமை, உறவுப்பெயர் என்று தொடங்கி இந்தச் சொற்களைப் பின்னால் தள்ளிவிடுகின்றன. நீங்கள் தலைகீழாகத் தொடங்குங்கள். வான், வாத், வூ, வய். பான், பாத், பூ, பய். வஹான், வஹாத், வுஹூ, வஹாய். நான், நீ, அவன், அவள் என்று இந்தப் பன்னிரண்டையும் முதலில் பாடமாக்குங்கள். ஷாஹ், ரபா என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டலாம். இலக்கண நூல் வேண்டுமானால் சயீத் 1999இல் வெளியிட்ட 'சோமாலி' என்ற நூலைத் தேடுங்கள். இரவல் கிடைத்தால் திருப்பிக் கொடுக்க மனம் வராது.